சாண் குறைந்த கூரை

எனக்கு வெள்ளெழுத்து வந்துவிட்டது என்பது, கிருஷ்ணகிரிக்கு வெளியே ஒரு பழைய மாங்காய்க் குடோனுக்குள், இருபத்திரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்க, இஞ்சு டேப்பைக் கையில் பிடித்தபோதுதான் தெரிந்தது. ஒரு தகர ஷீட்டின் அகலத்தை அளந்து சொல்லச் சொன்னார் பயிற்சியாளர். அடிக்கணக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். அவர் மில்லிமீட்டரில் கேட்டார். கையை நீட்டினேன், மடக்கினேன், டேப்பை வாசல் பக்கம் திருப்பினேன். "வெளிச்சம் போதவில்லை சார்" என்றேன். காலை பத்தரை மணி வெயில் கதவு வழியாக வந்து என் காலடியில்தான் விழுந்துகொண்டிருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். போட்டுக்கொண்டு பார்த்தேன். 1070.

நான் கூரை போடுகிறவன். ஊர் மாரண்டஹள்ளிப் பக்கம். என் அப்பாவுக்கும் கூரை வேலைதான், ஆனால் அவர் காலத்துக் கூரை நாட்டு ஓடு. மழைக்கு முன்பாக ஊர் ஊராகப் போய், வீட்டு ஓடுகளை ஒவ்வொன்றாக எடுத்து, தூசி தட்டி, உடைந்ததை மாற்றித் திரும்ப அடுக்கிக் கொடுப்பார். "குரங்கும் பூனையும் இருக்கும்வரை நமக்கு வேலை இருக்கும்" என்பார். குரங்கும் பூனையும் இருக்கின்றன. நாட்டு ஓடு போய்விட்டது.

2004 பிப்ரவரியில் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. அந்த ஆண்டு கோடையில் நான் பெங்களூருக்கு ரயில் ஏறினேன். பாலக்கோடு, மாரண்டஹள்ளி, ராயக்கோட்டை, ஓசூர் என்று போகும் அந்தத் தடத்தில் பாதிப் பேர் கையில் மட்டப்பலகையோ கரணையோ இருக்கும். முதலில் வெல்டருக்குக் கையாள். பிறகு ஷீட் தூக்கிக் கொடுக்கிறவன். ஒரு நாள் மேலே நிற்க வேண்டியவன் வரவில்லை, என்னை ஏற்றிவிட்டார்கள். அதுதான் நான் படித்த படிப்பு. 2020 ஊரடங்கில் ஊருக்குத் திரும்பி, அன்றிலிருந்து இந்தப் பக்கத்து மாட்டுக்கொட்டகைகள், கோழிப்பண்ணைகள், பட்டுப்புழு வளர்ப்பு மனைகள், மொட்டை மாடிக் கொட்டகைகள் என்று போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆக, தொழிலில் இருபது ஆண்டுகள் ஓட்டிய பிறகு பள்ளிக்கூடம் போனேன். ஞாயிறு தோறும், பன்னிரண்டு வாரம். ஏற்கெனவே இந்த வேலையில் இருக்கிறவர்களுக்கான பயிற்சி அது. ஆசைப்பட்டுப் போனேன் என்று சொன்னால் பொய். ஓசூர் சிப்காட் பக்கம் வேலை எடுக்கும் ஒரு காண்ட்ராக்டர், சான்றிதழ் இருந்தால்தான் கம்பெனிக்குள் நுழைவுச் சீட்டு வாங்க முடியும் என்று சொல்லிவிட்டார். என் மனைவியிடம் சொன்னபோது, "இந்த வயதிலா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, பெரியவனின் பழைய நோட்டில் எழுதாத பக்கங்களைக் கிழித்துத் தைத்துக் கொடுத்தாள்.

மாரண்டஹள்ளியிலிருந்து ராயக்கோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து கிருஷ்ணகிரிக்கு ஒரு பஸ். முதல் ஞாயிறு கரும்பலகை, கையெழுத்து, டீ, போண்டா என்று போயிற்று. வருகைப் பதிவுக்கு ஒரு கைரேகை மெஷின் வைத்திருந்தார்கள். சிமெண்ட்டிலும் தகரத்திலும் தேய்ந்த விரல்களுக்கு ரேகை எங்கே இருக்கும்? இருபத்து மூன்று பேரில் ஒன்பது பேரை அது ஆளே இல்லை என்று சொல்லிவிட்டது. அந்த மெஷினைத் தேர்ந்தெடுத்தவர் யாரோ, ஒரு கொத்தனாரின் கையைத் தொட்டே பார்த்ததில்லை. கடைசியில் பழையபடி நோட்டில் கையெழுத்து.

இரண்டாவது ஞாயிறுதான் உண்மையில் தொடங்கியது. குடோனின் பின்பக்கம் இழுத்துக் கட்டிய ஒரு தகரக் கொட்டகை இருந்தது. பயிற்சியாளர் அதைக் காட்டி, "இதைப் பிரியுங்கள்" என்றார். அறுபதைத் தாண்டியவர், ஓசூர்ப் பக்கம் ஷெட் போட்டே ஓய்வு பெற்றவர், தெலுங்கு வாடை அடிக்கும் தமிழ். "ஒவ்வொரு ஷீட்டும் கீழே இறங்கும்போது, அதைப் போட்டவன் என்ன தப்புச் செய்தான் என்று ஒரு ஆள் சொல்ல வேண்டும்."

அடுத்தவன் செய்த தப்பைக் கண்டுபிடிக்கச் சொன்னால் நமக்குக் கசக்குமா? ஆளாளுக்கு ஏறினோம்.

முதலில் ஸ்க்ரூ. பாதி ஸ்க்ரூக்களில் ரப்பர் வாஷர் பிதுங்கி, வெடித்து, வெயிலில் காய்ந்த அப்பளம் போல் ஆகியிருந்தது. மெஷினை விடாமல் அழுத்தினால் ரப்பர் அப்படித்தான் நசுங்கும். நசுங்கிய ரப்பர் இரண்டு கோடைகூடத் தாங்காது. சில இடங்களில் ஸ்க்ரூ சாய்ந்து இறங்கியிருந்தது. வாஷர் ஒரு பக்கம் கடித்து மறுபக்கம் வாய் திறந்திருந்தது. "பள்ளத்தில் அடித்திருக்கிறான் சார், மூன்று இடம்" என்று ஊத்தங்கரைக்காரர் மேலிருந்து கத்தினார். மழைத்தண்ணீர் ஓடுவது ஷீட்டின் பள்ளத்தில். அங்கே துளை போடுவது ஆற்றின் நடுவில் கிணறு வெட்டுவதுபோல. கூரையில் மேட்டில்தான் அடிக்க வேண்டும். இதெல்லாம் எங்களுக்குத் தெரிந்ததுதான், சிரித்துக்கொண்டோம்.

அடுத்து, நீல ஷீட்டின் மேல் அம்மைத் தழும்பு மாதிரி பழுப்புப் புள்ளிகள். இதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. நான் மழைத்தண்ணீர் என்றேன். இல்லை. கட்டிங் மெஷினால் ஷீட்டை அறுக்கும்போது பறக்கும் நெருப்புப் பொறிகள் வண்ணப் பூச்சில் ஒட்டிக்கொள்கின்றன. ஸ்க்ரூ இறங்கும்போது உதிரும் இரும்புத் துருவலும் அப்படியே கிடக்கிறது. ஒரு இரவுப் பனி போதும், அவை துருப்பிடித்துக் கீழே இருக்கும் பூச்சையும் தின்னத் தொடங்கும். அறுத்த ஓரத்திலும் சூட்டில் துத்தநாகப் பூச்சு வெந்து போகிறது. கலர் ஷீட்டைக் கத்தரியால் வெட்ட வேண்டும், வேலை முடிந்த அன்று மாலையே மெல்லிய துடைப்பத்தால் கூட்டிவிட்டு இறங்க வேண்டும்.

எங்கள் சிரிப்பு இங்கே கொஞ்சம் குறைந்தது. எங்கள் எல்லோரிடமும் இருப்பது கட்டிங் மெஷின். துடைப்பம் எடுத்துக்கொண்டு கூரை மேல் ஏறிய ஆள் எங்களில் ஒருவர்கூட இல்லை.

மூன்றாவதாக அவர் எங்களைக் கீழே நிறுத்தி, ஷீட்டின் மேல் ஷீட் ஏறியிருக்கும் விளிம்புகள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று கேட்டார். மேற்கே. "ஆடி மாதக் காற்று எங்கிருந்து வருகிறது?" மேற்கே. அவ்வளவுதான், யாரும் பேசவில்லை. காற்று வரும் திசையைப் பார்த்து வாயைத் திறந்து வைத்தால், அது மழையையும் உள்ளே தள்ளும், விளிம்பையும் நெம்பும். நம் ஊரில் கூரையைக் கிழக்கு ஓரத்தில் தொடங்கி மேற்கே போக வேண்டும். அப்போது ஒவ்வொரு விளிம்பும் காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கும்.

இருபது ஆண்டுகளில் நான் எந்த ஓரத்தில் தொடங்கியிருக்கிறேன் என்று அந்த இடத்திலேயே யோசித்தேன். லாரிக்காரன் ஷீட்டை இறக்கிப் போட்ட ஓரத்தில்.

காற்று என்றதும் இன்னொன்று. காற்று கூரையை மோதித் தள்ளுகிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். வேகமாக மேலே கடந்து போகும் காற்று கூரையை உறிஞ்சித் தூக்குகிறது என்பதை அவர் ஒரு காகிதத் துண்டை உதட்டருகே வைத்து ஊதிக் காட்டினார். காகிதம் கீழே மடங்காமல் மேலே எழுந்தது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறோம். அம்மிக்கே அந்தக் கதி என்றால் அரை மில்லிமீட்டர் தகரம் என்ன செய்யும்? அந்த உறிஞ்சல் ஓரங்களிலும் மூலைகளிலும் கூரையின் உச்சியான மோட்டிலும்தான் மிகுதி. அதனால் இறவாரத்திலும் மோட்டு ஓரத்திலும் இருக்கும் பர்லின்களில், அதாவது ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களில், ஒரு மேடு விடாமல் ஸ்க்ரூ, நடுவில் இருக்கும் பர்லின்களில் ஒன்று விட்டு ஒன்று. நான் எல்லா இடத்திலும் ஒன்று விட்டு ஒன்று அடித்துக்கொண்டிருந்தவன். ஸ்க்ரூ மிச்சப்படுத்திக் கொடுக்கிறேன் என்று வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொல்லவும் செய்வேன்.

இப்போது சாண் கதைக்கு வருகிறேன்.

பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் என் தங்கையின் மாட்டுக்கொட்டகை 40 அடி நீளம். 2021-இல் நான்தான் கூரை போட்டேன். ஷீட்டின் அகலம் மூன்றரை அடி. நாற்பதை மூன்றரையால் வகுத்தால் பதினொன்றரைக்குக் கொஞ்சம் குறைவு. கூரைக்கு இரண்டு சரிவு, பக்கத்துக்குப் பன்னிரண்டு ஷீட் போதும் என்று கடைக்குச் சொன்னேன். கடைசி ஷீட் போட்டபோது சுவர் ஓரம் எட்டவில்லை. ஒரு சாண் குறைந்தது. டேப் தப்பாக இருக்கிறது, சுவர் கோணலாக இருக்கிறது என்று ஏதேதோ சொல்லிவிட்டு, கழிவில் கிடந்ததில் பக்கத்துக்கு ஒரு துண்டை வெட்டிச் செருகி அடைத்தேன். அடுத்த மழையிலிருந்து அந்த மூலை ஒழுகுகிறது. நான்கு ஆண்டுகளாகத் தங்கை அங்கே ஒரு அண்டாவை வைத்திருக்கிறாள். மாட்டுக்குத் தண்ணீர் பிடிக்க வேண்டிய வேலை மிச்சம் என்பாள், என் முகத்துக்கு நேராக.

ஐந்தாவது ஞாயிறு, பயிற்சியாளர் கரும்பலகையில் ஒரு ஷீட் வரைந்து, அதன் மேல் ஏறும் அடுத்த ஷீட்டை வரைந்தார். ஒன்றின் மேல் ஒன்று ஏறும் இடம் மூன்று அங்குலம். எனவே 42 அங்குல ஷீட் கூரையில் அடைப்பது 39 அங்குலம்தான். பன்னிரண்டு ஷீட் போட்டால் 468, கடைசி ஷீட்டின் மூன்றையும் சேர்த்தால் 471. நாற்பது அடி என்பது 480 அங்குலம். மிச்சம் ஒன்பது. ஒன்பது அங்குலம் என்றால் ஒரு சாண்.

நோட்டில் அந்தக் கணக்கை இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். சுவர் நேராகத்தான் இருந்திருக்கிறது. சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள், எனக்குச் சாணே சறுக்கியிருக்கிறது. அதுவும் ஐந்தாம் வகுப்புக் கணக்கில்.

கணக்கில் எங்கள் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டவர் காரிமங்கலத்து அக்கா. பதினைந்து ஆண்டுகளாகச் சித்தாள் வேலை. ஆணுக்கு 900 ரூபாய் கொடுக்கும் இடத்தில் அவருக்கு 500. எங்கள் குழுவில் இருந்த இரண்டு பெண்களில் அவர் ஒருவர். முதல் நாள் ஒருவர், "அக்கா, நீங்கள் கீழே நின்று எடுத்துக் கொடுங்கள், போதும்" என்றார். "எடுத்துக் கொடுக்க எனக்குப் பயிற்சி எதற்கு? அதைத்தான் பதினைந்து வருடமாகச் செய்கிறேன்" என்று சேலைக்கு மேல் போட்டிருந்த சட்டையின் கையை மடித்துவிட்டு ஏணியில் கால் வைத்தார். நூல் அடிப்பதில் அவர் கைக்கு ஈடு கிடையாது. நாங்கள் கண் மதிப்பில் ஸ்க்ரூ அடித்துக்கொண்டு போவோம், வரிசை பாம்பாக நெளியும். அவர் பர்லினுக்கு நேராக நூல் கட்டி, அதன் மேலேயே மெஷினைப் பிடிப்பார். ஸ்க்ரூ எங்கேயும் பர்லினைத் தவறவிடவில்லை. தவறவிட்ட ஸ்க்ரூ என்பது வானத்துக்கும் மாட்டுக்கும் நடுவே ஒரு ஓட்டை, அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமையை வெளியிலிருந்து வந்த ஒருவர் திரையில் ஆங்கிலப் படங்கள் காட்டிக் கழித்தார். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, குடோனுக்குள் மின்விசிறி நன்றாக ஓடியது.

எட்டாவது வாரம் சிமெண்ட் ஷீட். ஆஸ்பெஸ்டாஸ் என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். அதைப் பிரிக்கும் வேலைதான் இப்போது எங்களுக்கு மிகுதியாக வருகிறது. பழைய சிமெண்ட் ஷீட்டை எடுத்துவிட்டுக் கலர் ஷீட் போடச் சொல்கிறார்கள். அன்று பயிற்சியாளர் முதலில் சொன்னது தூசி. உடைக்காதே, அறுக்காதே, தண்ணீர் தெளித்து ஈரமாக்கு, ஷீட்டைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் துருப்பிடித்த ஜே போல்ட்டின் நட்டை வெட்டி முழு ஷீட்டாகக் கயிற்றில் இறக்கு. அந்த நார்த் தூசி நெஞ்சுக்குள் போனால் இருபது, முப்பது ஆண்டு கழித்துக்கூடக் கணக்குக் கேட்கும். இதைக் கேட்டுவிட்டு வாசலில் போய் நின்றவர்களில் நானும் ஒருவன்.

அடுத்து அவர், "இதன் மேல் கால் வைத்து நடந்தவர்கள் கை தூக்குங்கள்" என்றார். எல்லாக் கைகளும் எழுந்தன.

பெங்களூரில் என்னோடு தங்கியிருந்த பென்னாகரத்துக்காரன் ஒருவன் இருந்தான். ஒரு பழைய ஷெட்டின் மேல் பிளாஸ்டிக் விரிப்புப் போட ஏறினோம். ஸ்க்ரூ வரிசை மேலேயே நட, பர்லின் கீழே இருக்கும் என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த பாதுகாப்பு. அவன் பீடியைப் பற்ற வைக்க ஒரு அடி பக்கத்தில் நகர்ந்தான். சத்தம் பெரிதாக வரவில்லை, அப்பளம் நொறுங்குகிற அளவுதான். நான் திரும்பியபோது ஷீட்டில் ஒரு ஆள் அளவுக்கு ஓட்டை இருந்தது, ஆள் இல்லை. பதினெட்டு அடி. உயிர் தப்பினான், இடுப்பு தப்பவில்லை. இப்போது ஊரில் பெட்டிக்கடை வைத்திருக்கிறான். அந்த ஷெட்டின் முதலாளியும் எங்களை அனுப்பிய மேஸ்திரியும் சேர்ந்து கொடுத்தது மருத்துவச் செலவில் பாதிகூட இல்லை. நான் மறுநாள் அதே கூரையில் ஏறினேன். வேறு என்ன செய்ய?

இப்போது சொல்லிக் கொடுத்தார்கள்: சிமெண்ட் ஷீட்டை உடையக்கூடிய கண்ணாடி என்று நினைத்துக்கொள், அதில் காலை வைக்காதே. இரண்டு மூன்று பர்லின்களுக்குக் குறுக்கே பலகை போட்டு, பலகை மேல் மட்டும் நட. முழு உடல் பெல்ட், இரட்டைக் கயிறு. ஒன்றைக் கழற்றும்போது மற்றொன்று மாட்டியிருக்க வேண்டும். கயிற்றின் மறுமுனையை ஷீட்டிலோ ஸ்க்ரூவிலோ கட்டாதே, கூரையையே தாங்கும் சட்டகமான ட்ரஸ்ஸில் கட்டு. எளிய விஷயங்கள். இவற்றைச் சொல்ல அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த அரை மணி நேரம் எங்கள் இருவருக்கும் பதினைந்து ஆண்டுகள் தாமதமாக வந்திருக்கிறது.

எனக்கு இந்தப் பயிற்சியில் ஒரு குறை உண்டு. வெயிலைப் பற்றி ஒரே ஒரு மணி நேரம்தான் பேசினார்கள். எங்கள் பக்கம் கூரை போடச் சொல்கிறவர்கள் மழையைவிட வெயிலைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பட்டுப்புழுவுக்கு 25 டிகிரியைச் சுற்றி வெப்பம் இருக்க வேண்டும்; சித்திரை மாதத்தில் தகரத்துக்குக் கீழே மனிதனே நிற்க முடியாது. மோட்டில் காற்றுப் போகத் திறப்பு விடுவது, ஷீட்டுக்கு அடியில் வெப்பம் தடுக்கும் விரிப்புப் போடுவது, மேலே வெளிர் நிறம் அடிப்பது என்று அவர் வேகமாகச் சொல்லிக்கொண்டு போனார். நான் எழுதி முடிப்பதற்குள் அடுத்த பாடம். தென்னங்கீற்றை மேலே பரப்பும் எங்கள் வழக்கத்தைப் பற்றி நான் கேட்டதற்கு, "செய்யலாம், ஆனால் ஈரக் கீற்று ஷீட்டின் மேலேயே படுத்துக் கிடந்தால் பூச்சு போய்விடும், நடுவே இடைவெளி விடு" என்றார். அந்த ஒரு வரிக்காகவே இன்னொரு ஞாயிறு வந்திருப்பேன்.

அந்த ஒரு மணி நேரத்தில் கிடைத்த இன்னொன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் தகரக் கூரை டிக், டிக் என்று ஒலிக்கும், கேட்டிருப்பீர்கள். சிறு வயதில் பல்லி என்றார்கள், பாட்டி வேறு ஏதோ சொன்னாள். முப்பது அடி நீள இரும்பு ஷீட் காலைக் குளிருக்கும் மதிய வெயிலுக்கும் இடையே ஏறக்குறைய ஐந்து மில்லிமீட்டர் நீண்டு சுருங்குகிறது. ஸ்க்ரூவில் மாட்டிக்கொண்டு நகர முடியாமல் நகரும்போது வரும் சத்தம் அது. தினமும் இப்படி இழுத்து இழுத்துத்தான் ஸ்க்ரூ துளை பெரிதாகிறது. எங்கள் வீட்டுத் திண்ணையில் படுத்து அதைக் கேட்கும்போது இப்போது தூக்கம் வருவதில்லை. எந்த ஸ்க்ரூ என்று காது தேடுகிறது.

சான்றிதழ் வந்தது. ஓசூர் காண்ட்ராக்டர் அதை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு நுழைவுச் சீட்டு வாங்கிக் கொடுத்தார். கூலி அதே கூலிதான். ஊரில் ஒருவரும் சான்றிதழைக் கேட்டதில்லை, இனியும் கேட்கப் போவதில்லை. ஐ.டி.ஐ.யில் தகடு வேலைக்கு ஓராண்டுப் படிப்பு இருக்கிறது, அது பள்ளி முடித்த பிள்ளைகளுக்குச் சரி. எங்களைப் போல் ஏற்கெனவே கூரை மேல் நிற்கிறவர்களைச் சோதித்துச் சான்று தரும் வழி 2015-இல் வந்த பிரதமரின் திறன் வளர்ச்சித் திட்டத்திலேயே இருக்கிறது. என்னைக் கேட்டால், சோதனைக்கு முன் ஒரு பழைய கூரையைப் பிரிக்கச் சொல்லுங்கள் என்பேன். தாளில் கேள்வி கேட்டால் எங்களுக்குப் பதில் தெரியாது, அல்லது தெரிந்த மாதிரி எழுதிவிடுவோம். கழற்றிய ஷீட்டிடம் பொய் சொல்ல முடியாது.

காரிமங்கலத்து அக்காவுக்கு இப்போது 700 ரூபாய். ஆணுக்குத் தருவதைத் தரவில்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். அவரும் நானும் ஒரு கோழிப்பண்ணை வேலையைச் சேர்ந்து எடுத்திருக்கிறோம், அங்கே கூலி சரிபாதி.

பயிற்சி முடிந்த அடுத்த ஞாயிறு கண்ணாடிக் கடைக்குப் போய்விட்டு, அப்படியே தங்கை வீட்டுக்குப் போனேன். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு புது ஷீட், இரண்டு பாக்கெட் ஸ்க்ரூ, ஒரு துடைப்பம். மோட்டுத் தகட்டைக் கழற்றி, ஷீட்டுகளை எல்லாம் இறக்கி, கிழக்கு ஓரத்திலிருந்து திரும்பப் போட்டேன். பழைய துளைகளைப் பசை நாடாவால் அடைத்தேன். பக்கத்துக்குப் பதிமூன்று. கடைசி ஷீட் சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டு நின்றது. கத்தரியால் வெட்டினேன். புது ஷீட்டின் நீலம் பழைய நீலத்தோடு ஒட்டவில்லை. தெருவில் போகிறவர்கள் எல்லாம் என் தப்பை எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

"துடைப்பம் எதற்கு அண்ணா?" என்று கீழிருந்து கேட்டாள் தங்கை. சொன்னேன். "அங்கே மேலே கூட்டுகிறாய். வீட்டில் அண்ணி ஒரு நாளாவது உன் கையில் துடைப்பத்தைப் பார்த்திருக்கிறாளா?"

அண்டாவை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். நான்கு ஆண்டுகளுக்கு முன் நான் செருகிய அந்தத் துண்டுத் தகரங்கள் இரண்டையும் மாப்பிள்ளை எடுத்துக் கோழிக்கூண்டின் மேல் போட்டு ஆணி அடித்திருக்கிறார். பள்ளத்தில். நேற்று பெய்த மழையில் கோழிகள் நனைந்துவிட்டன என்று தங்கை போன் செய்தாள். வருகிற ஞாயிறு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், ஞாயிறு இப்போது காலியாகத்தானே இருக்கிறது.